எங்கடை ஆள் என்று எழுதிய வரி

குருநகர்,
11.02.2024

அன்பின் றஜிக்கு,

நானும் மகள் லவீனாவும் சுகம். உங்கள் சுகத்தை ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டேன். கத்தாரில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் நின்று ஒருவர் சுகம் என்று சொன்னால் அதில் எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குப் பின்னால் யாரோ பல் விளக்கும் சத்தம்தான் நன்றாகக் கேட்டது. இனிமேல் போன் மகளுக்கு. நமக்குள் கதைக்கவேண்டியதை மெயிலில், கடிதமாகக் கதைப்போம்.

உங்கள் நண்டுக் கம்பனியின் மெயில் சேர்வர் என் உயிரை எடுக்கிறது. நான் பாட்டுக்குப் பொதி செய்யும் பகுதியில் குளிர் அறையின் வெப்பநிலைக் கொப்பியை எழுதிக்கொண்டிருந்தேன். உங்கள் முகாமையாளர் ஜெயசுதன் என்னைக் கூப்பிட்டு, "உம்மடை அவர் டிசம்பரிலை வருமட்டும் இதையும் ஒருக்காப் பாரும்" என்றார். ஏதோ அடுப்பில் பால் வைத்துவிட்டுப் போகிறவர் சொல்வது போலச் சொன்னார். ஒரு நாளைக்கு அறுநூறு மெயில் வருகிறது. அதில் நமக்கு வேண்டியது பன்னிரண்டு. மற்றதெல்லாம் குப்பை. போன செவ்வாய் சிங்கப்பூர்க்காரர் தன் ஓடரை மாற்றி எழுதிய மெயில் அந்தக் குப்பைக்குள் புதைந்துபோய்விட்டது. மறுநாள்தான் கண்டெடுத்தோம். அதற்குள் லொறி சாவகச்சேரி தாண்டிவிட்டது. எல்லார் முன்னாலும் ஜெயசுதன், "றஜிந்தன் இருந்திருந்தால் இப்பிடி நடந்திராது" என்றார். எனக்குக் காது சுட்டது.

அந்தக் கோபத்தில்தான் நீங்கள் எழுதிவைத்த கோப்பைத் திறந்தேன். ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் வீட்டில் ஒரு சட்டையைக்கூட மடித்து வைத்ததில்லை. ஆனால் அந்தக் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இதை ஏன் எழுதினேன், எந்தத் திகதியில் எழுதினேன் என்று குறிப்பு வைத்திருக்கிறீர்கள். ஒன்றுமே இல்லாத ஓர் அறையில் இதை நீங்கள் தனியாகக் கட்டியெழுப்பியிருக்கிறீர்கள். வாசித்துக்கொண்டே போனபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இதை நேரில் சொல்லமாட்டேன், தலைக்கனம் வந்துவிடும்.

எனக்கு இரண்டு உதவி வேண்டும். வாசலில் யாரை விடுவது, யாரை மறிப்பது என்ற பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கி எழுதுங்கள். மற்றது, நான் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும்போது வெளியிலிருந்து உண்மையான கடிதங்கள் வரவேண்டும். சும்மா சோதனை, சோதனை என்று எழுதி அனுப்பவேண்டாம். கடிதமாகவே எழுதுங்கள். மனைவிக்கு எழுதுவது போல எழுதத் தெரியாவிட்டால் பழகுங்கள்.

என்றும் உங்கள்,
ஜெனிற்றா

—

தோகா,
14.02.2024

அன்பின் ஜெனிக்கு,

நீர் கேட்டபடி மனைவிக்கு எழுதும் கடிதம். குளிர்களஞ்சியத்தில் வேலை நடக்கிறது. கணினி, கமரா, கதவுப் பூட்டு எல்லாம் என் பொறுப்பு. வெளியே வெயில், உள்ளே உறைபனி. பல் விளக்கியவன் வல்வெட்டித்துறைப் பார்த்தீபன். உமக்கு வணக்கம் சொல்லச் சொன்னான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மெயில் கொண்டுவருகிற ஒவ்வொரு கணினியும் முதலில் எங்கள் சேர்வரின் வாசலில் வந்து நிற்கும். அதன் இணைய முகவரி எங்களுக்குத் தெரியும். பிறகு அது தன் பெயரைச் சொல்லும், யாரிடமிருந்து யாருக்கு என்று சொல்லும். சேர்வர் பட்டியலை மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு போகும். எந்த வரி முதலில் பொருந்துகிறதோ அதுதான் தீர்ப்பு. அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் திரும்பிப் பார்க்காது. ஆகவே எதை எழுதுகிறோம் என்பதைப் போலவே எங்கே எழுதுகிறோம் என்பதும் முக்கியம். இது விளங்கினால் மிச்சம் விளங்கும்.

மேலே இருக்கிற ஐந்து வரிகளில் மட்டும் கை வைக்கவேண்டாம். அவை எங்கடை ஆக்கள். அவர்களைச் சேர்வர் ஒரு கேள்வியும் கேட்காது. அவர்கள் எங்கள் சேர்வர் ஊடாக உலகத்தில் எவருக்கும் மெயில் அனுப்பலாம். அந்த ஐந்தையும் நான் பார்த்துப் பார்த்து எழுதினேன்.

வேறு எதை மாற்றுவதானாலும் முதலில் என்னிடம் கேளும். அது பொல்லாத சாமான். சின்னப் பிழை போதும், ஒரு மெயிலும் வராது. நீர் பெரிதாக ஒன்றும் செய்யத் தேவையில்லை, விழாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஒரு வருடத்துக்கு உன் கதிரையை வேறு ஆருக்கும் குடுக்கமாட்டன் என்று ஜெயசுதன் எனக்கு வாக்குத் தந்திருக்கிறார். டிசம்பரில் வந்து அந்தக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் ஒரு கிழமையில் சரிப்படுத்திவிடுவேன். அந்தக் கதிரை இருக்கிறது என்ற நினைப்பில்தான் இந்த அறையில் நான் நித்திரை கொள்கிறேன்.

மகளுக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
றஜிந்தன்

—

குருநகர்,
10.03.2024

அன்பின் றஜிக்கு,

கேட்காமல் மாற்றிவிட்டேன். முதலில் திட்டி முடியுங்கள், பிறகு மிச்சத்தை வாசியுங்கள்.

தொழில்நுட்பக் கல்லூரியில் நாம் ஒரே வாங்கில் அருகருகே இருந்து படித்ததையும், கடைசிச் சோதனையில் எனக்கு உங்களைவிடப் பதினொரு புள்ளி கூட வந்ததையும் நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. அந்த அத்தாட்சிப் பத்திரம் லவீனாவின் ஞானஸ்நானச் சட்டையோடு பெட்டிக்குள் கிடக்கிறது. மாசி மாதம் முழுக்க இருந்து வாசித்தேன். விளங்காததை நான்கு தரம் வாசித்தேன்.

நான் செய்தது இதுதான். முன்பின் தெரியாத சேர்வர் ஒன்று முதல் தடவையாக வாசலுக்கு வந்தால், இப்போது முடியாது, பிறகு வாரும் என்று சொல்லவைத்தேன். அதற்கு இலக்கம் நானூற்றி ஐம்பது என்று உங்களுக்குத் தெரியும். உண்மையான மெயில் சேர்வர் கோபிக்காது. தன் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கொஞ்ச நேரத்தில் திரும்பி வரும். குப்பை கொட்டுகிறவனுக்கு அந்தப் பொறுமை இல்லை, அடுத்த வாசலைப் பார்த்துப் போய்விடுவான். யார் திரும்பி வருகிறார் என்று பார்த்தால் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். அறுநூறு மெயில் எண்பதாகக் குறைந்துவிட்டது.

ஒரு பிழையும் விட்டேன். மறிக்கும் வரி ஒன்றை இரண்டு வரி மேலே வைத்துவிட்டேன். காலை எட்டிலிருந்து பதினொன்று வரைக்கும் வெளியிலிருந்து ஒரு மெயிலும் உள்ளே வரவில்லை. ஜப்பான்காரரின் மெயிலைக் காணோம் என்று ஜெயசுதன் என் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நான் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் முதல் இரண்டு கிழமைக்கு, சேர்வர் யாருக்கும் வராதே என்று சொல்லாதபடி முன்கூட்டியே அமைத்திருந்தேன். எந்த மறுப்பும் பிறகு வாரும் என்றுதான் போகும். வரியை இறக்கிவைத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அத்தனை மெயிலும் திரும்பி வந்து சேர்ந்தன. ஜப்பான்காரருடையது ஆறாவது. ஒன்றுகூடத் தவறவில்லை.

இன்னொன்று. நிரந்தரமாக மறுக்கப்படுகிறவருக்கு நீங்கள் ஒரே சொல்லில் பதில் எழுதிவைத்திருந்தீர்கள். அதைப் பார்த்தால் நாய் குரைத்தது போல இருந்தது. தவறுதலாக மறிபட்ட நல்ல மனிதரும் இருப்பார் அல்லவா? மன்னிக்கவும், உங்களை மறித்தது பிழையென்றால் இந்த இலக்கத்துக்குப் பேசுங்கள் என்று மாற்றி, என் மேசையின் தொலைபேசி இலக்கத்தைச் சேர்த்தேன். இதுவரை இரண்டு பேர் பேசியிருக்கிறார்கள். இரண்டு பேருமே நல்ல மனிதர்கள்தான்.

உங்கள் ஐந்து வரிகளிலும் கை வைக்கவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கனிசியஸ் அண்ணை கடலால் வந்ததும் படலையைத் தள்ளிக்கொண்டு நேரே நம் குசினிக்குள் வந்து பானையைத் திறக்கிறவர். இந்தக் கோயில் பங்கில் யாரும் யாரையும் வாசலில் வைத்து ஆர் என்று கேட்பதில்லை. நீங்கள் சேர்வரையும் அப்படித்தான் வளர்த்திருக்கிறீர்கள்.

என்றும் உங்கள்,
ஜெனிற்றா

—

தோகா,
13.03.2024

அன்பின் ஜெனிக்கு,

உமது கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் திட்டத்தான் வாசித்தேன். இரண்டாம் தரம் பிழை பிடிக்க வாசித்தேன். மூன்றாம் தரம் பார்த்தீபனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவன், "அண்ணை, உங்கடை மனிசி உங்களுக்கு மேலாலை போறா" என்றான். அவனுக்குக் கணினி தெரியாது, ஆனால் சரியாகச் சொன்னான்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த வேலையில் இருந்த ஆறு வருடத்தில் எனக்கு இந்தப் புத்தி வரவில்லை. நான் எதையும் நேரே எழுதிவிட்டு மாதாவே என்று பொத்தானை அழுத்துகிறவன். இரண்டாயிரத்து இருபத்தொன்றில் ஒரு நாள் இதே பிழையை விட்டேன். என் சேர்வர் பிறகு வாரும் என்று சொல்லவில்லை, எல்லாரையும் வராதே என்று துரத்திவிட்டது. இருபத்தேழு மெயில் போனது போனதுதான். அன்றைக்கு மின்சாரம் தடைப்பட்டது என்று ஜெயசுதனிடம் பொய் சொன்னேன். இதை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை.

மறுப்பதையும் மரியாதையாக மறுக்கலாம் என்று நினைத்தீரே, அதை நான் நடந்து போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். இரண்டு பேர் பேசினார்கள் என்றீர். என் காலத்தில் அப்படி எத்தனை நல்ல மனிதர்கள் ஒரு சொல்லோடு திரும்பிப் போனார்களோ தெரியாது.

ஜெயசுதன் ஏதாவது சொன்னாரா? என்னைப் பற்றி, கதிரையைப் பற்றி? சும்மா கேட்டேன்.

அன்புடன்,
றஜிந்தன்

—

குருநகர்,
01.06.2024

அன்பின் றஜிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதாமல் ஐந்து நாள் இருந்தேன். இனி இருக்க முடியாது.

வெசாக் விடுமுறைக்குக் கம்பனியை மூடிவிட்டுத் திங்கட்கிழமை வந்தோம். நாங்கள் அனுப்பிய எந்த மெயிலும் எங்கும் போகவில்லை. சிங்கப்பூர், ஜப்பான், கொழும்புக் கப்பல் முகவர் எல்லாருடைய சேர்வரும் எங்களை வாசலிலேயே மறித்தன. உலகத்தில் குப்பை அனுப்புகிறவர்களின் பட்டியலில் எங்கள் கம்பனியின் முகவரி ஏறியிருந்தது. ஜெயசுதனின் முகத்தில் இரத்தம் இல்லை. மெயில் போகாவிட்டால் ஓடர் இல்லை, ஓடர் இல்லாவிட்டால் பொதி செய்யும் பகுதியில் இருக்கிற நாற்பது பெண்களுக்கும் வேலை இல்லை. அவர்கள் கதவடியில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தார்கள்.

பதிவுகளை ஒன்றுவிடாமல் வாசித்தேன். வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நாற்பத்தோராயிரம் குப்பை மெயில் எங்கள் சேர்வர் ஊடாக வெளியே போயிருக்கிறது. அத்தனையும் ஒரே முகவரியிலிருந்து வந்தன. அந்த முகவரியை எங்கள் சேர்வர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏனென்றால் அது பட்டியலின் ஐந்தாவது வரி. பக்கத்தில் எங்கடை ஆள் என்று குறிப்பு, திகதி தை இருபது. நீங்கள் விமானம் ஏறி எட்டாம் நாள். தோகாவிலிருந்து உள்ளே வந்து உங்கள் அறையின் முகவரியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அறையில் ஏதோ ஒரு கணினி கெட்டுப்போயிருக்கிறது. எட்டுப் பேருக்கும் ஒரே இணைப்பு, ஒரே முகவரி.

அந்த வரியை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகும் குப்பை வந்து தட்டிக்கொண்டே இருந்தது. அதனால் உங்கள் முகவரியை மறிக்கும் பட்டியலில் என் கையாலேயே எழுதினேன். பிறகு வாரும் என்று அல்ல, வராதே என்று. எழுதும்போது கை ஒருமுறை நின்றது. பிறகு எழுதினேன்.

மற்ற நான்கு வரிகளையும் விட்டுவைக்கவில்லை. கம்பனிக்குள் இருக்கிற கணினிகள் மட்டும்தான் இப்போது எங்கடை ஆக்கள். ஐஸ் தொழிற்சாலைக்கும், உங்கள் மச்சானின் கொம்யூனிக்கேசன் கடைக்கும், பங்கு அலுவலகத்துக்கும் நேரில் போய்ச் சொன்னேன். இனி எல்லாரும் போல முன்வாசலால்தான் வரவேண்டும். மச்சான் இப்போது என்னைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கத்தால் போகிறார். பங்குச் சுவாமிதான் சிரித்தார். "பிள்ளை, பாவசங்கீர்த்தனத்துக்கே வரிசையிலை நிண்டுதான் வரவேணும். மெயிலுக்கு நிக்கேலாதோ?" என்றார்.

குப்பைக்காரர் பட்டியல்களிலிருந்து எங்கள் பெயரை எடுக்கச் சொல்லி ஒவ்வோர் இடமாக எழுதினேன். என்ன நடந்தது, என்ன திருத்தினோம் என்று மறைக்காமல் எழுதினேன். நேற்று மத்தியானம் கடைசிப் பட்டியலும் விட்டது. மெயில் போகிறது. அந்தப் பெண்கள் எனக்கு ஒரு பெரிய ஏனத்தில் நண்டுக் கறி வைத்துக் கொண்டுவந்து தந்தார்கள். அதை அழுதுகொண்டு சாப்பிட்டேன்.

ஆர் விட்ட பிழை என்று ஜெயசுதன் கேட்டார். பட்டியலில் பழைய வரி ஒன்று கிடந்தது, எடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. அந்தக் கதிரை உங்களுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தை நீங்கள் உங்கள் பெட்டியைத் திறந்து வாசிக்கலாம். அந்த அறையிலிருந்து பதில் எழுதினால் அது வராது.

என்றும் உங்கள்,
ஜெனிற்றா

—

தோகா,
09.06.2024

ஜெனிற்றா,

விடுமுறையில் ஊருக்கு வருகிற பார்த்தீபனின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். காகிதத்தில் கடிதம் எழுதிப் பதினைந்து வருடம் இருக்கும். என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது நீர்.

மூன்று தரம் பதில் அனுப்பினேன். மூன்று தரமும் ஐந்நூற்றி ஐம்பது என்ற இலக்கத்தோடு திரும்பி வந்தது. அந்தச் சேர்வரைப் பெட்டியிலிருந்து பிரித்தெடுத்துப் பூட்டியவன் நான். கூரைக்குள் ஏறி வயர் இழுத்தவன் நான். மழைக்காலத்தில் அதற்கு மேலே பிளாஸ்ரிக் விரித்துவிட்டு ஈரத்தில் நின்றவன் நான். நான் கட்டிய வாசலில் என் மனைவி என்னை வராதே என்கிறாள். குப்பைக்காரன் என்கிறாள்.

எங்கள் அறையில் யாரும் அப்படிப்பட்ட வேலை செய்யமாட்டார்கள். எல்லாரும் எங்கடை பெடியள். ஒருவனையும் சந்தேகமாகக் கேட்க எனக்கு வாய் வராது. உமது பதிவுகளில்தான் ஏதோ பிழை. அந்த வரியைத் திரும்ப எழுதும். இல்லாவிட்டால் டிசம்பரில் வந்து நானே எழுதுவேன்.

நேரே கேட்கிறேன், நேரே சொல்லும். அந்தக் கதிரையில் உம்மை இருத்திவிட்டார்களா?

றஜிந்தன்

—

குருநகர்,
23.06.2024

அன்பின் றஜிக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்தீபன் வல்வெட்டித்துறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து தந்தான். அவன் திரும்பிப் போகும்போது இதைக் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் அன்பின் என்ற சொல்லை விட்டுவிட்டீர்கள். நான் விடவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கட்டிய வாசல்தான். அதை நான் மறுக்கவில்லை. அந்தக் கோப்பைத் திறக்கிற ஒவ்வொரு நாளும் உங்கள் குறிப்புகளை வாசித்துத்தான் வேலை தொடங்குகிறேன். நீங்கள் அவ்வளவு ஒழுங்காக எழுதிவைத்ததால்தான் பிழை எந்த வரியில், எந்த நாளில் என்று என்னால் கண்டுபிடிக்க முடிந்தது. உங்கள் நல்ல பழக்கம் உங்களையே பிடித்துக் கொடுத்தது. இதில் எனக்குச் சந்தோசம் இல்லை.

ஆனால் வரியைத் திரும்ப எழுதமாட்டேன். உங்கள் மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல. சேர்வருக்கு உங்கள் முகம் தெரியாது, முகவரி மட்டும்தான் தெரியும். அந்த முகவரிக்குப் பின்னால் எட்டுக் கணினி இருக்கிறது. அந்த எட்டையும் கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை என்றால், எனக்கு விட மனம் வராது. நாற்பது பெண்கள் கதவடியில் நின்றதை நீங்கள் பார்க்கவில்லை.

கதிரையைக் கேட்டீர்கள். வியாழக்கிழமை ஜெயசுதன் கூப்பிட்டார். "இது தற்காலிகம் இல்லை, நிரந்தரமாய் நீரே பாரும். றஜிந்தனுக்கு நான் வாக்குக் குடுத்தனான், அதுவும் உண்மை. நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சு ஆடி பதினைஞ்சுக்குள்ளை சொல்லுங்கோ" என்றார். நான் இன்னும் ஓம் சொல்லவில்லை. அது உங்கள் கதிரை. நீங்கள் வேண்டும் என்றால் எழுந்துவிடுவேன். வெப்பநிலைக் கொப்பி இப்போதும் அதே மேசையில்தான் கிடக்கிறது.

ஆனால் கேட்டதற்கு நேரே பதில் சொல்கிறேன். எனக்கு அது வேண்டும். இதை எழுத வெட்கமாக இருந்தது, இரண்டு தாளைக் கிழித்தேன். கலியாணத்துக்குப் பிறகு எதையும் எனக்கு வேண்டும் என்று நான் கேட்டதில்லை. காலையில் அந்த அறையைத் திறந்து, இரவு யார் வந்தார்கள், யார் போனார்கள், யார் திரும்பி வந்தார்கள் என்று வாசிக்கும்போது, நான் என்னவாக வந்திருக்கவேண்டுமோ அதுவாக இருக்கிறேன் என்று தோன்றுகிறது. நீங்கள் எனக்குத் தெரிந்தவர்களில் மிகக் கெட்டிக்காரர். அதனால்தான் இதை உங்களிடம் சொல்ல முடிகிறது.

என்ன முடிவென்றாலும் நான் உங்கள்,
ஜெனிற்றா

—

தோகா,
07.07.2024

அன்பின் ஜெனிக்கு,

இதற்கு முன்னால் ஒரு வரிக் கடிதம் ஒன்று உமக்குக் கிடைத்திருக்கும். ஜெனி, நான் வாசலிலை நிக்கிறன் என்று மட்டும் எழுதியிருந்தேன். அதை அறையிலிருந்து அனுப்பவில்லை. இங்கே குளிர்களஞ்சியத்தின் மேலாளரிடம் அனுமதி கேட்டு, அவர்களுடைய சேர்வரால் அனுப்பினேன். இந்தச் சேர்வர் யாழ்ப்பாணத்துக்கு எழுதியதே இல்லை. உமது வாசலுக்கு முழு அந்நியன்.

திரைக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். போன உடனே பதில் வந்தது. நானூற்றி ஐம்பது, தயவுசெய்து சற்றுப் பொறுத்து மீண்டும் வாருங்கள். தயவுசெய்து என்று நீர் சேர்த்திருக்கிறீர். கடிதம் வரிசையில் நின்றது. நானும் எழும்பவில்லை. தேநீர்கூட எடுக்கப் போகவில்லை. பதினொரு நிமிடம். பிறகு இங்கேயுள்ள சேர்வர் திரும்பிப் போய்த் தட்டியது. இருநூற்றி ஐம்பது, பெற்றுக்கொண்டோம் என்று வந்தது. ஜெனி, அந்தச் சேர்வரின் அறைக்குள் ஆறு வருடம் இருந்திருக்கிறேன், அப்போது வராத பெருமை வெளியே காத்துக்கொண்டு நின்ற அந்தப் பதினொரு நிமிடத்தில் வந்தது. கல்லூரியில் நீர் கூட எடுத்த பதினொரு புள்ளிக்கும் இத்தோடு கணக்கு முடிந்தது என்று வைத்துக்கொள்ளும்.

அறையில் எல்லாரையும் கேட்டேன். வாய் வராது என்றேன், வந்தது. ஒருவரும் கோபிக்கவில்லை. ஒவ்வொரு கணினியாகத் திறந்து பார்த்தேன். ஏழும் சுத்தம். எட்டாவது என்னுடையது. யாரோ இலவசமாகத் தந்த ஒரு மென்பொருளைத் தை மாதத்தில் போட்டேன், எல்லாக் கேடும் அதற்குள் இருந்தது. எங்கடை பெடியள் செய்யமாட்டார்கள் என்று உமக்கு எழுதினேன். பெடியள் செய்யவில்லைத்தான்.

நேற்று ஜெயசுதனுக்கு எழுதினேன். ஐந்தாவது வரியை எழுதியது நான், கணினி என்னுடையது, ஜெனிற்றா என்னைக் காட்டிக்கொடுக்காமல் மறைத்தாள் என்று எழுதினேன். மின்சாரம் தடைப்பட்ட கதையையும் எழுதினேன். எனக்குத் தந்த வாக்கை நானே திருப்பித் தருகிறேன், கதிரை ஜெனிற்றாவுடையது என்று முடித்தேன். உம்மிடம் கேட்காமல் எழுதிவிட்டேன். நீரும் என்னிடம் கேட்காமல்தான் தொடங்கினீர்.

பெருமனதோடு விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு, திரும்பி வந்த அந்த மூன்று கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். கோபத்தில் அன்று ஐந்நூற்றி ஐம்பதோடு வாசிப்பதை நிறுத்தியிருந்தேன். அதற்குப் பக்கத்திலேயே, மன்னிக்கவும், உங்களை மறித்தது பிழையென்றால் இந்த இலக்கத்துக்குப் பேசுங்கள் என்று இருந்தது. உமது மேசை இலக்கம். என்னை வராதே என்று சொன்ன வசனத்துக்குள்ளேயே உம்மிடம் வருகிற வழியையும் வைத்திருந்தீர். அதை எழுதத் தெரிந்தவர்தான் அந்தக் கதிரையில் இருக்கவேண்டும். நான் நூறு வருடம் இருந்தாலும் அந்த வசனம் எனக்கு வராது.

டிசம்பர் இருபதாம் திகதி வருகிறேன். கனிசியஸ் அண்ணையோடு கதைத்துவிட்டேன். வள்ளங்களின் ஜீபீஎஸ், மீன் பார்க்கிற கருவி எல்லாம் திருத்த ஆளில்லாமல் கரையில் கிடக்கிறதாம். அதைச் செய்வேன். பகலில் லவீனாவைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவந்து சோறும் வைப்பேன். உப்புக் கூடினால் மரியாதையாகச் சொல்லும்.

வீட்டுக்கு வரும்போது கனிசியஸ் அண்ணையைப் போலப் படலையைத் தள்ளிக்கொண்டு வரமாட்டேன். வெளியில் நின்று கூப்பிடுவேன். ஆர் என்று கேளும். பிறகு வாரும் என்றாலும் பரவாயில்லை, நான் திரும்பி வாற ஆள்.

வரிசையில் நிற்கும் உமது,
றஜிந்தன்